குறைமாதக் குழந்தையும் தானமாக வரும் தாய்ப்பாலும்

கருவுற்று 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்று மருத்துவம் வரையறுக்கிறது. 32 வாரங்களுக்கு முன் பிறப்பவை, 28 வாரங்கள்கூட நிறையாமல் பிறந்துவிடுபவை என்று அந்த வரையறைக்குள்ளேயே ஆபத்தின் படிகள் உண்டு. 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்றும், அவற்றுள் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை என்றும் உலக சுகாதார நிறுவனமும் அதனுடன் இணைந்து பணியாற்றும் அமைப்புகளும் கணக்கிட்டுள்ளன. இக்குழந்தைகளைக் காப்பாற்றும் முயற்சியில் மூச்சுக்கருவிகளும் இன்குபேட்டர்களும் மருந்துகளும் பெறும் கவனத்தில் ஒரு பங்கைக்கூட, அவற்றுக்குப் புகட்டப்படும் பால் யாருடையது, எப்படி வந்தது, எப்போது வந்தது என்னும் கேள்விகள் பெறுவதில்லை. பெற்றவளின் பால் உடனே கிடைக்காதபோது வேறொரு தாய் மனமுவந்து கொடுத்த பாலைப் பதப்படுத்திப் புகட்டும் ஏற்பாடாகிய தாய்ப்பால் வங்கி, தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் சில ஆண்டுகளாக இயங்கிவருகிறது. அந்த ஏற்பாட்டின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காண வேண்டுமானால், மருத்துவமனையின் உள்ளிருந்து மட்டும் பாராமல், அதிலிருந்து தொலைவிலுள்ள ஓர் ஊரிலிருந்தும் அதை நோக்க வேண்டும்.

பழவேற்காடு அதற்குப் பொருத்தமான ஊர். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரி, திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு விளிம்பில் தொடங்கி ஆந்திரத்துக்குள் பரந்து கிடக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலும் ஏரியின் கரையிலுமாக லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், வைரவன்குப்பம், கோட்டைக்குப்பம், நடுக்குப்பம் என்று மீனவக் குப்பங்கள் அமைந்துள்ளன. ஆண்கள், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறைப்படி வலை விரிக்கவும் கடலுக்குள் செல்லவும், பெண்கள் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடைகளில் சுமந்து விற்கவும், இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்து, பல்லால் கவ்விய பறியில் சேர்க்கவுமாக இங்கு உழைப்பு பகிரப்பட்டிருக்கிறது. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதற்கு மேற்பட்ட தேவைகளுக்குப் பொன்னேரி அரசு மருத்துவமனையையும், அதற்கும் மேற்பட்டவற்றுக்குத் திருவள்ளூரையோ சென்னையையோ நாட வேண்டும். சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு கிலோ எடையுள்ள குழந்தையைப் பொறுத்தவரை இந்தத் தொலைவே அதன் உணவின் வரலாற்றைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

குறைமாதக் குழந்தைக்கு மூச்சுக்கு அடுத்தபடியான சோதனை உணவுதான். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இசைத்துச் செய்யும் திறன் 34-ஆவது வாரத்தை ஒட்டியே கைகூடுகிறது என்பதால், அதற்கு முன் பிறந்த குழந்தையை மார்பில் அணைத்துவிட்டால் மட்டும் அது பால் குடித்துவிடாது. குடலின் உட்சுவர் மெலிந்ததாகவும், செரிமானச் சுரப்புகள் முழுமை பெறாதவையாகவும், நோய் எதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைவாகவும் இருக்கும். இந்நிலையில் அதன் குடலை அச்சுறுத்தும் கொடிய நோய் ஒன்று உண்டு. நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்நோயில் குடற்சுவரின் திசுக்கள் அழற்சியுற்று, இரத்த ஓட்டமிழந்து, அழுகத் தொடங்குகின்றன. வயிறு உப்புகிறது, குடித்த பால் செரியாமல் பச்சை நிறத்தில் வெளிவருகிறது, மலத்தில் இரத்தம் தென்படுகிறது, சில குழந்தைகளுக்குக் குடலில் துளை விழுந்து அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. நேற்றுவரை தேறிவந்த குழந்தை சில மணி நேரத்தில் உயிருக்குப் போராடும் நிலைக்குச் சென்றுவிடுவது இந்நோயின் இயல்பு.

இந்த நோய்க்கும் பாலுக்கும் உள்ள தொடர்பை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த ஆய்வுகளுள் முக்கியமானது, 1990-இல் ஆலன் லூகாசும் டி. ஜே. கோலும் பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வாகும். பால் பவுடரை மட்டும் பெற்ற குழந்தைகளுக்கு இந்நோய், தாய்ப்பாலை மட்டும் பெற்றவற்றைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்ததை அவர்கள் கண்டனர். பின்னர் பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, தானப்பாலோடு ஒப்பிடுகையில் பால் பவுடர் இந்நோயின் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்பது உறுதிப்பட்டது. பால் பவுடர் குடித்த குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கும் காலத்தில் சற்று விரைவாக எடை கூடின என்பதையும், மூளை வளர்ச்சியில் இரு பிரிவினரிடையே வேறுபாடு இருப்பதாக நிறுவப்படவில்லை என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். தானப்பாலைப் பற்றி எழுதுவோரில் சிலர் அதை எல்லா நோய்க்கும் மருந்தாகக் காட்டிவிடுகின்றனர். அது அத்தகையதன்று, குடலைக் காக்கும் ஒரு காவல் என்பதே அதன் உண்மையான பெருமை, ஒரு கிலோ குழந்தைக்கு அதுவே போதுமான பெருமை.

இந்தக் காவல் எதனால் அமைகிறது என்பதும் விளக்கத்துக்கு உரியது. தாய்ப்பாலில், குறிப்பாக முதல் சில நாட்களில் மஞ்சள் நிறத்தில் கெட்டியாகச் சுரக்கும் சீம்பாலில், குடற்சுவரின் மேற்பரப்பில் படிந்து கிருமிகளைத் தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்புப் பொருளும், கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச்சத்தை அவற்றுக்குக் கிட்டவிடாமல் பிடித்துவைக்கும் லாக்டோபெரின் என்னும் புரதமும், உயிருள்ள வெள்ளணுக்களும் இருக்கின்றன. இவற்றோடு ஒலிகோசாக்கரைடுகள் என்னும் சர்க்கரைகளும் ஏராளமாக உள்ளன. இவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது, ஆனால் குடலில் வாழும் நன்மைதரும் நுண்ணுயிர்களுக்கு இவையே உணவாகின்றன. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதமும் எதிர்ப்புப் பொருள்களும் நிறைமாதத் தாயின் பாலைவிடக் கூடுதலாக இருப்பதும் அறியப்பட்ட உண்மை. எனவே உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், குறைமாதக் குழந்தைக்கு முதலில் பெற்ற தாயின் பால், அது கிடைக்காதபோது தானமாகப் பெறப்பட்ட தாய்ப்பால், இரண்டும் இல்லாதபோதே பால் பவுடர் என்னும் வரிசை வகுக்கப்பட்டுள்ளது. இந்த வரிசையில் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு, பொதுவாக எண்ணப்படுவதைவிடப் பெரியது.

அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, வங்கியில் பாலுக்கு நேர்வதை அருகிலிருந்து காண வேண்டும். பால் கொடுக்க முன்வரும் தாயிடம் முதலில் உடல்நிலை பற்றியும், புகையிலை, மது, உட்கொள்ளும் மருந்துகள் பற்றியும் கேட்கப்படுகிறது, எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி வகை, மேகநோய் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை முடிவுகள் பார்க்கப்படுகின்றன. தன் குழந்தைக்குப் போதுமான பால் போக மிச்சத்தையே தருகிறார் என்பது உறுதிசெய்யப்பட்டு, எழுத்துமூலமான ஒப்புதல் பெறப்படுகிறது. கைகழுவி, மார்பைச் சுத்தம் செய்து, கையாலோ பம்பாலோ எடுக்கப்படும் பால் உறைநிலையில் வைக்கப்பட்டு, பிறகு உருக்கப்பட்டு, பல தாய்மாரின் பாலோடு ஒன்றாகக் கலக்கப்படுகிறது. அதிலிருந்து சிறிதளவு கிருமிச் சோதனைக்கு எடுக்கப்பட்டபின், மீதி சிறு புட்டிகளில் நிரப்பப்பட்டு, மெல்ல அசைந்துகொண்டேயிருக்கும் நீர்த்தொட்டியில் 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்கள் வைக்கப்படுகிறது. புட்டிகளுள் ஒன்றில் வெப்பமானி செருகப்பட்டிருக்கும். தொட்டி நீரின் வெப்பம் அன்றி, புட்டியின் நடுவிலுள்ள பாலின் வெப்பமே கணக்கில் கொள்ளப்படும். அரைமணி முடிந்த உடனே புட்டிகள் பனிக்கட்டி நீருக்கு மாற்றப்பட்டுக் குளிர்விக்கப்படுகின்றன. மீண்டும் ஒரு மாதிரி சோதனைக்குச் செல்கிறது. அதில் ஒரு கிருமி வளர்ந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் கொட்டப்படும். தேறிய பால், தொகுதி எண்ணும் தேதியும் எழுதி ஒட்டப்பட்டு, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் மூன்று மாதம் வரை காக்கப்படுகிறது. அந்தச் சீட்டில் கொடுத்தவளின் சாதியோ ஊரோ இருப்பதில்லை. யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கே வரம்பு கட்டிய ஒரு சமூகத்தில், இது சத்தமின்றி நிகழ்ந்துள்ள பெரிய மாற்றம்.

பாஸ்சரைசேஷன் எனப்படும் இந்த வெப்பமூட்டல் எச்.ஐ.வி. உள்ளிட்ட நச்சுயிரிகளையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. அதே வெப்பம் வெள்ளணுக்களையும் கொல்கிறது, கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் நொதியை முற்றிலும் செயலிழக்கச் செய்கிறது, லாக்டோபெரினைப் பெருமளவு குறைக்கிறது. எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதி குறைந்தாலும் கணிசமான அளவு தப்பிவிடுகிறது. ஒலிகோசாக்கரைடுகளுக்கு ஏறக்குறைய எந்தச் சேதமும் இல்லை. நார்வே நாட்டின் தாய்ப்பால் வங்கிகள் கடுமையான பரிசோதனைகளின் துணையோடு, தானப்பாலில் பெரும்பகுதியைச் சூடாக்காமலே நெடுங்காலமாகக் கொடுத்துவருகின்றன. வெப்பம், கிருமி, மின்தடை ஆகிய மூன்றும் சேர்ந்த இந்தியச் சூழலில் அவ்வழி ஏற்புடையதாகக் கருதப்படவில்லை. இதற்கு மேலாக, தானம் தருவோரில் பலர் நிறைமாதத்தில் பெற்றவர்கள் ஆதலால், அவர்களின் பாலில் புரதம் குறைவாக இருக்கும். மிகச் சிறிய குழந்தைக்கு அதில் சத்துச் சேர்க்கை கலந்து கொடுக்க நேரிடுகிறது. தானப்பால் இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டதற்கான காரணங்கள் இவையே.

தாய்ப்பாலை இவ்வாறு முறையாகச் சேகரிக்கும் முதல் வங்கி 1909-இல் வியன்னாவில் தொடங்கப்பட்டது; அதற்குக் காரணமான தியோடர் எஷெரிக், ஈ.கோலை என்று இன்று எல்லாரும் அறிந்த குடற்கிருமியைக் கண்டறிந்த குழந்தை மருத்துவரே. எச்.ஐ.வி. அச்சம் பரவிய 1980-களில் பல நாடுகளில் வங்கிகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், 1989-இல் மும்பையின் சயான் பகுதியிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். தாராவியின் ஏழைத் தாய்மார் நாடிவரும் மருத்துவமனையில் அது தொடங்கியது என்பது கருதத்தக்கது. தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் 2014-இல் வங்கி தொடங்கப்பட்டது; 2015-இல் மதுரை, கோவை, திருச்சி, சேலம் முதலிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கு அத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. இவ்வங்கிகளில் பால் தருவோர் பெரும்பாலும் வெளியிலிருந்து தேடி வருபவர்கள் அல்லர். பிரசவ வார்டில் இருக்கும் தாய்மாரும், தம் குழந்தை சற்றுத் தேறிய நிலையில் பால் மிகுந்திருக்கும் குறைமாதத் தாய்மாருமே ஆவர். குழந்தையை இழந்த தாய், கட்டிக்கொண்ட மார்பின் வலியோடு இருக்கும்போது, விரும்பினால் கொடுக்கலாம் என்று மெதுவாகச் சொல்லப்படுவதும் உண்டு. அதைக் கேட்பதற்குரிய நேரத்தையும் சொல்லையும் தேர்ந்துகொள்ளும் செவிலியரின் திறமை எந்தப் பாடத்திட்டத்திலும் அடங்காதது.

பால் கிடைத்தபின் அதைப் புகட்டுவது தனிக்கலை. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒன்றிரண்டு மில்லி பாலே, அதாவது ஒரு தேக்கரண்டியின் பாதியைக்கூட எட்டாத அளவே, கொடுக்கப்படுகிறது. வாய்வழியாக வயிற்றுக்குச் செலுத்தப்பட்ட மெல்லிய குழாயின் மேல்முனையில், உந்துதண்டு நீக்கிய ஊசிக்குழலைப் பொருத்தி, அதில் பாலை ஊற்றிச் செவிலியர் கையால் உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார். அழுத்தித் தள்ளாமல், பால் தன் எடையாலேயே இறங்க வேண்டும். குடல் ஏற்றுக்கொள்வதைப் பார்த்து நாள்தோறும் ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி வரை அளவு கூட்டப்படுகிறது. விழுங்கும் திறன் வரத் தொடங்கியதும் பாலாடை கைக்கு வருகிறது. தமிழ் வீடுகளில் சங்கு என்றும் பாலாடை என்றும் வழங்கும், மூக்கு நீண்ட அந்தச் சிறு கிண்ணம், இன்று எவர்சில்வரில் செய்யப்பட்டு, நீராவியில் கிருமி நீக்கப்பட்டு, நாடெங்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பயன்படுகிறது. குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்து, கிண்ணத்தின் மூக்கை வாயோரத்தில் பொருத்திச் சாய்க்க, குழந்தை தானே நாவால் இழுத்துக் குடிக்கும் வேகத்துக்கு ஏற்பப் பாலை விட வேண்டும். இடுக்குகளில் பால் தங்கிக் கிருமி வளர இடம்தரும் புட்டியைவிட, திறந்த வாயுள்ள பாலாடையைக் கழுவுவது எளிது என்பதே அதன் முதல் தகுதி.

இந்த அளவுகளை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. முதல் இரண்டு நாட்களில் குழந்தைக்குத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு இருபது முப்பது மில்லி மட்டுமே. பிரசவித்த பெண்ணின் சீம்பால், சொட்டுச் சொட்டாகப் பிழிந்தெடுக்கப்பட்டால், அத்தேவையில் பெரும்பகுதியை நிரப்பக்கூடியது. ஆயினும் முதல் நாட்களிலேயே தானப்பாலை நாட வேண்டியிருப்பதன் காரணம், பல வேளைகளில், தாயிடம் பால் இல்லாமை அன்று. தாய் அங்கே இல்லாமையே. பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ அறுவை சிகிச்சையில் பிரசவித்த குப்பத்துப் பெண், தையல் புண்ணோடு அங்கேயே படுத்திருக்க, குழந்தை மட்டும் 108 வண்டியில், தந்தையோ பாட்டியோ உடன்வர, சென்னைக்குப் போய்ச் சேர்கிறது. குழந்தை வாய் வைக்காத மார்பைப் பிழிய வேண்டும் என்று அவளுக்குச் சொல்வோர் இருப்பது அரிது. பால் சுரப்பது அடிக்கடி மார்பு காலியாவதைப் பொறுத்தது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவு உட்பட ஒரு நாளைக்கு எட்டு முறையேனும் பால் எடுக்கப்பட்டால்தான் புரோலாக்டின் என்னும் சுரப்பூட்டும் ஹார்மோன் தன் வேலையைத் தொடர்கிறது. முதல் வாரம் கைவிடப்பட்ட மார்பில் பின்னர் பாலை மீட்பது கடினம். நான்கைந்து நாட்கள் கழித்து அவள் சென்னைக்கு வரும்போது, பால் வற்றிவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டியிருப்பர்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டும் காரப்பொடிக் குழம்பும் பூண்டும் ஆக்கிப்போடுவது இக்கரையின் நெடுநாள் வழக்கம். மீனின் புரதம் அவள் உடலைத் தேற்றும் என்பதில் ஐயமில்லை, சுற்றத்தாரின் பரிவு அவள் மனத்தைத் தேற்றும் என்பதிலும் ஐயமில்லை. பால் இறங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் அச்சத்தாலும் வலியாலும் தடைப்படும் என்பதால் அந்தப் பரிவுக்கு உடலியல் பொருளும் உண்டு. ஆனால் எத்தனை புட்டு உண்டாலும் மார்பு காலியாகாவிட்டால் சுரப்பு நிற்கும் என்பதை, ஆக்கிப்போடும் பாட்டிமாருக்குச் சொல்லிவிட்டால், இரவில் எழுப்பிப் பால் பிழியச் செய்யும் பொறுப்பை அவர்களே ஏற்றுக்கொள்வர். குறைமாதக் குழந்தையின் நாவில் சேனை வைப்பதும் சர்க்கரைத் தண்ணீர் தொடுவதும் தீங்கு என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடலாம்.

தானப்பாலை ஏற்பதில் நம்பிக்கை சார்ந்த ஒரு கேள்வியும் பழவேற்காட்டில் எழக்கூடும். நூற்றாண்டுகளாக இஸ்லாமியக் குடும்பங்கள் வாழ்ந்துவரும் ஊர் அது. இஸ்லாமியச் சட்டத்தில் பாலூட்டுதல் உறவை உண்டாக்கும். ஒரே பெண்ணிடம் பால் குடித்த இருவர் உடன்பிறந்தாரைப் போன்றவராதலால் அவர்களுக்குள் மணம் கூடாது. பல தாய்மாரின் பால் பெயரின்றிக் கலக்கப்படும் வங்கியில் அந்த உறவை அறிவது எவ்வாறு என்பது நேர்மையான கவலை. 1985-இல் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) பேரவை வங்கிகளைத் தடுத்துத் தீர்ப்பளித்தது; 2004-இல் ஐரோப்பிய ஃபத்வா பேரவை, நேரடியாக மார்பில் குடிக்காததும் கொடுத்தவர் இன்னார் என்று உறுதிப்படாததுமான நிலையில் உறவு நிலைநாட்டப்படுவதில்லை என்ற வாதங்களை ஏற்று, தேவையுள்ள குழந்தைக்கு அனுமதி வழங்கியது. வங்காளதேசத்தில் 2019-இலும் பாகிஸ்தானின் கராச்சியில் 2024-இலும் தொடங்க முற்பட்ட வங்கிகள் இக்கேள்வியால் நிறுத்திவைக்கப்பட்டன. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களுள் பலர் பின்பற்றும் ஷாபிஈ மரபில் ஐந்து முறை பாலூட்டினால்தான் உறவு ஏற்படும் என்பது போன்ற நுட்பங்களும் இதில் உண்டு. ஒரே தாயின் பாலைக் கலக்காமல் தனியே பதப்படுத்தி, இரு குடும்பங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளச் செய்வது தொழில்நுட்ப அளவில் கடினமன்று. இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கும் மருத்துவமனை பெற்றோரின் நம்பிக்கையை இழக்கும். கேட்கும் முன்பே விளக்கி, அவர்கள் மதிக்கும் மார்க்க அறிஞராகிய ஆலிமிடம் கலந்துகொள்ள நேரம் தருவதே முறை.

தாய்ப்பாலுக்கு விலை வைக்கும் முயற்சிகளும் நாட்டில் தலைகாட்டியுள்ளன. 2024 மே மாதம், தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பதற்கு உரிமம் வழங்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் அறிவுறுத்தியது. அதைத் தொடர்ந்து சென்னை மாதவரத்தில் புட்டிகளில் தாய்ப்பால் விற்ற கடை ஒன்றுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தனர். பாலுக்குக் காசு என்றானதும், வறுமையிலிருக்கும் தாய் தன் குழந்தைக்கு உரியதைக் குறைத்து விற்கும் நிலை வந்துவிடும் என்பதால் இந்தத் தடை நியாயமானதே. ஆனால் தடை மட்டும் போதாது; தானமாகக் கிடைக்கும் வழி எட்டாத இடத்தில் விற்பனைக்கான தேவை இருந்துகொண்டேயிருக்கும்.

நடுவண் அரசு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இவ்விஷயத்தில் பயனுள்ள பார்வையை முன்வைத்தன. வங்கி என்பதை மட்டும் தனித்து நிறுத்தாமல், பெரிய மருத்துவமனைகளில் தானப்பாலைப் பதப்படுத்தும் வசதியோடு கூடிய பாலூட்டல் மேலாண்மை மையம், அதற்கு அடுத்த நிலையில் தாய் தன் குழந்தைக்கென்றே பாலை எடுத்துச் சேமிக்க உதவும் பிரிவு, பிரசவம் நடக்கும் எல்லா இடங்களிலும் பாலூட்ட உதவும் பிரிவு என மூன்று படிகளை அவை வகுத்தன. பழவேற்காட்டுப் பெண்ணுக்கு மிகத் தேவையானவை பின்னிரண்டு படிகளே. குழந்தை வண்டியேறும் முன்பே முதல் சீம்பாலை ஊசிக்குழலில் பிழிந்தெடுத்து உடன் அனுப்புவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சொல்லித்தரும் ஒருவர் வேண்டும். பிழிந்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாளும் தாங்கும். மீனைக் காக்கப் பனிக்கட்டியும் தெர்மோகோல் பெட்டியும் நாள்தோறும் புழங்கும் ஊரில், பாலுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்ட, மீன் படாத ஒரு சிறு பெட்டியில் அதைச் சென்னைவரை கொண்டுசெல்வது இயலாத காரியமன்று. இருநூறுக்கும் மேற்பட்ட வங்கிகளைக் கொண்ட பிரேசிலில், பல நகரங்களில் தீயணைப்புப் படையினரே வீடுகளுக்குச் சென்று தாய்ப்பாலைச் சேகரித்து வருகின்றனர்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான தீர்வு தாயையும் குழந்தையுடன் கூட்டிச்செல்வதாகும். டெல்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து, 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகள் நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்த உடனே தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துவைக்கப்பட்டபோது, முதல் 28 நாட்களில் நேர்ந்த இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. இதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போடப்பட்டது. அவளுக்கான பிரசவப் பின்கவனிப்பும் அங்கேயே வழங்கப்பட்டது. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய, இவ்வாறு தோலோடு அணைத்துவைக்கும் கங்காரு முறை, இன்று இன்குபேட்டர் உள்ள இடங்களிலும் முதன்மைச் சிகிச்சையாகியிருக்கிறது. மார்போடு அணைந்த குழந்தையின் அருகாமையால் பால் சுரப்பு கூடுகிறது என்பதும் பலமுறை கண்டறியப்பட்டது. தாய்க்கு ஒரு கட்டில், மூன்று வேளை உணவு, உடன் வந்தவருக்கு ஒதுங்க ஓர் இடம், வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், கூடை சுமந்து ஈட்டிய நாள்வருமானம் நின்றுபோன வாரங்களுக்கு ஒரு தொகை ஆகியவை கிடைத்தால் வங்கியின் பாலுக்கான தேவை சில நாட்களிலேயே முடிந்துவிடும். அரிதாகக் கிடைக்கும் தானப்பால், தாயை இழந்த குழந்தைக்கும், தாய் கடும் நோயுற்ற குழந்தைக்கும், மிகச் சிறிய குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் கருவுற்ற காலம் முதல் தவணைகளில் பணம் தருகிறது. குறைமாதப் பிரசவத்தால் மருத்துவமனையில் தங்க நேர்ந்த தாய்க்கென ஒரு தனித் தவணை அதில் சேர்க்கப்படுமானால், அந்தப் பணம் நேராகக் குழந்தையின் வயிற்றுக்கே போய்ச் சேரும்.

எடை கூடி, தானே சப்பிக் குடிக்கத் தொடங்கிய குழந்தை குப்பத்துக்குத் திரும்பியபின்னும் கவனிப்பு தொடர வேண்டும். சப்பிக் களைத்துவிடும் குழந்தைக்கு, பிழிந்த பாலைப் பாலாடையால் கூடுதலாகப் புகட்ட வேண்டும். இரும்புச்சத்துச் சொட்டுமருந்தும் வைட்டமின் டி-யும் மருத்துவர் குறித்த அளவில் தவறாமல் கொடுக்கப்பட வேண்டும். தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையோ பாட்டியோ குழந்தையை மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளலாம். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து எடை பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளில், குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்பதோடு, தாய் மீண்டும் மீன் விற்கச் செல்லத் தொடங்கிவிட்டாரா, அந்த நேரத்தில் குழந்தைக்குப் புகட்டப் பிழிந்த பால் வீட்டில் இருக்கிறதா என்பதும் சேர்ந்திருக்க வேண்டும்.